அவர் படிக்காத ஒரு கொலை

எனக்கு ஒரு கொலை வேண்டியிருந்தது. உள்பக்கம் தாழ் போட்ட அறை, உள்ளே ஒரு பிணம், ஜன்னலில் கம்பி, கொன்றவன் எந்த வழியாக வெளியேறினான் என்பது யாருக்கும் தெரியாது. இந்த மாதிரிக் கதை ஒன்று, தமிழில், என் வீட்டுக்காரர் இதுவரை படிக்காததாக வேண்டும். அது கிடைத்தால் அவருக்கு வாசித்துக் காட்டுவேன். கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் நிறுத்தி, எப்படி நடந்தது என்று கேட்பேன். அவர் முகத்தில் பதில் தெரிந்தால் அவர் புத்தி தெளிவாக இருக்கிறது என்று அர்த்தம். தெரியாவிட்டால் என்ன அர்த்தம் என்பதை யோசிக்க நான் மறுத்துவிட்டேன்.

மழைக்காலம் தொடங்கும்போது அவருக்குப் பேச்சு போயிற்று. காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் வாஷ்பேசினைப் பிடித்தபடியே சரிந்தார். செம்பூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பக்கவாதம் என்றார்கள். வலது கை, வலது கால், பேச்சு எல்லாம் ஒரே காலையில் போய்விட்டன. வீட்டுக்கு அனுப்பும் அன்று டாக்டரிடம் கேட்டேன், நாங்கள் பேசுவது இவருக்குப் புரிகிறதா இல்லையா என்று. "தேக்தே ஹைங்" என்றார் அந்த டாக்டர். பார்க்கலாமாம். கல்யாணமான நாள் முதல் என்னோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த மனுஷர் உள்ளே இருக்கிறாரா இல்லையா என்பதை, சாயங்காலம் மழை வருமா என்கிற மாதிரி பார்க்கலாமாம். எனக்கு வந்த கோபத்தில் அந்த மேஜையைக் கவிழ்த்திருப்பேன். என் பெண் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

திலக் நகர் வீட்டில், ஹாலில், வாடகைக்கு எடுத்த கட்டிலில் அவரைப் படுக்க வைத்தோம். கண் திறந்திருக்கும். ஊட்டினால் முழுங்குவார். கையை அழுத்துங்கோ என்றால் இடது கையால் என் விரலை அழுத்துவார். அழுத்தாதீங்கோ என்றாலும் அழுத்துவார். பெண் போனில் பேரன் படத்தைக் காட்டினால் பார்ப்பார். போனை அணைத்த பிறகும் அந்தக் கறுப்புத் திரையை அதே மாதிரி பார்த்துக்கொண்டிருப்பார். எதை நம்புவது?

அப்போதுதான் எனக்குப் புத்தகங்கள் ஞாபகம் வந்தன. எங்கள் வீட்டில் அவற்றுக்கு உள்தாழ்ப்பாள் கதைகள் என்று பெயர். கல்யாணமாகி நான் இந்தத் திலக் நகர் வீட்டுக்கு வந்தபோது, மாட்டுங்காவிலிருந்த அவர் வீட்டிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியும் வந்தது. குர்லாவில் கணக்கு எழுதும் உத்தியோகம் பார்க்கிறவர், ஆபீஸ் காகிதமாக இருக்கும் என்று நினைத்தேன். திறந்தால் பெட்டி நிறையப் பிணங்கள். ரயில்வே ஸ்டேஷன் கடைகளில் தொங்குகிற பாக்கெட் நாவல்கள் பாதி. பத்திரிகையிலிருந்து கிழித்து பைண்டு பண்ணிய தொடர்கதைகள் பாதி.

கிழிப்பது அந்தக் காலத்தில் லேசான காரியம் இல்லை. அவர்கள் கட்டிடத்தில் எல்லா வீடும் சேர்ந்து ஒரே ஒரு வாரப் பத்திரிகை வாங்குவார்கள். மேல் மாடியில் தொடங்கி ஒவ்வொரு வீடாகக் கீழே இறங்கும். கடைசியாகப் படிக்கிற வீட்டுக்குத்தான் கிழிக்கும் உரிமை. இவர்கள் வீடு தரைத்தளம், அதனால் கிழிக்கும் உரிமை இவருக்கு. ஆனால் பத்திரிகை கீழே வந்து சேர்வதற்குள் மேலே இருக்கிறவர்கள் எல்லாருக்கும் கொலைகாரன் யார் என்று தெரிந்திருக்கும், மாடிப்படியில் நின்று கத்திப் பேசுவார்கள். இவர் இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொண்டு ஸ்கூலுக்குப் போவாராம். பெருமையாகச் சொல்வார்.

முதலில் நான் அவரைக் கிண்டல்தான் செய்தேன். கடைசியில் என்னையும் அந்தப் பைத்தியம் பிடித்துவிட்டது. ஆபீஸ் விட்டு வந்து, காப்பி போட்டு, இருவரும் ஒரே புத்தகத்தைப் படிப்போம். நான் வாசிப்பேன், அவர் கேட்பார். கதவை உடைத்து உள்ளே போய்ப் பிணத்தைப் பார்த்து, எல்லாரையும் விசாரித்து முடித்ததும் புத்தகத்தை மூட வேண்டும். எப்படி நடந்தது என்று சொன்ன பிறகுதான் மீதி. நான் தலைகீழாக நின்று யோசித்தாலும் எனக்கு வராது. அவருக்கு இடது உதட்டோரம் மட்டும் மெல்ல ஏறும். அந்தக் கோணல் சிரிப்பு வந்தால் கண்டுபிடித்துவிட்டார் என்று அர்த்தம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் சொல்வது எப்போதும் சரியாக இருக்கும், அதுதான் இன்னும் மோசம். கண்டுபிடித்த இடத்தில், பக்க ஓரத்தில், பென்சிலால் ஒரு சின்ன டிக் போடுவார். சில புத்தகங்களில் பிணம் விழுவதற்கு முன்னாலேயே டிக் இருக்கும்.

அலமாரியில் அவர் அடுக்கும் முறையும் விசித்திரமானது. எழுதினவர் பேரைப் பார்க்க மாட்டார், வருஷத்தைப் பார்க்க மாட்டார். கொன்ற விதத்தைப் பார்த்து அடுக்குவார். தாழ்ப்பாளை வெளியிலிருந்து நூல் கட்டி இழுத்தவை ஒரு தட்டு. கதவு உடைபட்ட பிறகு கொன்றவை ஒரு தட்டு. பிணமே கொலைகாரனுக்கு உதவியவை ஒரு தட்டு. ஒரு புத்தகம் எந்தத் தட்டில் இருக்கிறது என்று தெரிந்தாலே கதை தீர்ந்தது. அதனால் நான் படிக்காத புத்தகத்தை நானே எடுக்கக் கூடாது. மழைக்காலத்தில் நாப்தலின் உருண்டை மாற்றக்கூட என்னை விட மாட்டார்.

நல்லவேளையாக இடது உதடு தப்பித்திருந்தது. அந்தக் கோணல் சிரிப்பு ஒரு தடவை வந்தால் போதும் எனக்கு. பழைய கதைகளை எடுத்து வாசிக்கத் தொடங்கினேன். முதல் பக்கத்திலேயே கண்ணை மூடிக்கொண்டார். அடுத்ததற்கும் மூடிக்கொண்டார். இது தெரிந்த கதைதானே என்கிற சலிப்பா, ஒன்றுமே புரியாத அசதியா? அதை எப்படிக் கண்டுபிடிப்பது? அவர் எதிரிலேயே நூல் கட்டி இழுத்த கதையைக் கொண்டுபோய், பிணம் உதவி செய்த தட்டில் வைத்தேன். முன்பெல்லாம் இதற்கு வீடே இரண்டுபட்டிருக்கும். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்தத் தட்டு முழுவதையும் கீழே தள்ளிக் கலைத்தேன். அப்போதும் மின்விசிறியைத்தான் பார்த்தார்.

பெண் தன் வழியில் முயற்சி செய்தாள். அவளுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. போனில் ஏதோ ஒரு கதையைத் தேடிப் பிடித்து, போனையே வாசிக்க வைத்தாள். குர்லா ஸ்டேஷனில் ரயில் தாமதம் என்று அறிவிக்கிற குரலில் அது ஒரு கொலையைச் சொல்லிற்று. நானே கண்ணை மூடிக்கொண்டேன்.

ஆகவே புதிய கதை வேண்டும். அவர் படிக்காததாக இருந்தால்தான் முகத்தில் வருவது ஞாபகமா யோசனையா என்கிற சந்தேகமே இருக்காது. பெண் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாட்களில் அவளை உட்கார வைத்துவிட்டுக் கிளம்புவேன். மாட்டுங்காவில் நடைபாதைப் புத்தகக்காரர்களிடம் கேட்டேன். இன்ஜினியரிங் புத்தகம் இருக்கிறது என்றார்கள். அங்கே ஒரு சங்கத்து நூலகத்தில் தமிழ் அலமாரி ஒன்று இருந்தது. அதைக் குடைந்ததில் கிடைத்த உள்தாழ்ப்பாள் கதைகள் அத்தனையிலும் பக்க ஓரத்தில் பென்சில் டிக். இரவல் வாங்கின புத்தகத்தில்கூட டிக் போட்டிருக்கிறார், மனுஷர்! குர்லாவில் பழைய பேப்பர் கடையில், மூட்டைக்குள்ளிருந்து அட்டை இல்லாத ஒன்றை உருவி எடுத்தேன். நான் பார்த்தே இராத கதை. ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து புரட்டினேன். முடிவுக்கு மிக அருகில் டிக் இருந்தது, பக்கத்திலேயே "ஏமாற்று வேலை" என்று அவர் கையெழுத்து. பிடிக்காமல் அவரே பேப்பர்காரனுக்குப் போட்டிருக்கிறார். பெஞ்சில் பக்கத்திலிருந்த பெண்மணி, "க்யா ஹுவா ஆன்ட்டி?" என்று, என்ன ஆயிற்றென்று கேட்டுத் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அப்போதுதான் நான் அழுகிறேன் என்று எனக்குத் தெரிந்தது.

கடைசி நம்பிக்கையாகத் தாராவிக்குப் போனேன். அங்கே பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிற ஒருவர் இருக்கிறார், திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர். என் வீட்டுக்காரருக்குச் சமமாக இந்தக் கதைகளைச் சேர்க்கிற இன்னொரு பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு வந்து புத்தகம் மாற்றிக்கொண்டு போவார். பட்டறையில் ரெக்சின் சுருள்களை நகர்த்தி எனக்கு ஒரு ஸ்டூல் போட்டார். விஷயத்தைச் சொன்னேன்.

"மைனி, அண்ணாச்சி படிக்காததுன்னு எங்கிட்ட ஒண்ணு கெடையாது பாத்துக்கிடுங்க. அவுக படிச்சு முடிச்ச பொறவுதான எங்கைக்கே வரும்" என்றார்.

"ஒண்ணுகூடவா இல்லை? நன்னா யோசிச்சுப் பாருங்கோ."

"ஊர்ல என் தம்பிகிட்ட சொல்லித் தேடச் சொல்லுதேன். ஆனா யாரு இப்ப இதெல்லாம் எழுதுதாங்க மைனி?" என்றவர் கொஞ்சம் தயங்கி, "ஆஸ்பத்திரிக்கு நான் வந்த அன்னைக்கு அண்ணாச்சி என்னயப் பாத்தாவளே, அடையாளம் தெரிஞ்சிருக்குமா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது என்று சொன்னேன். அவர் கழுத்துத் துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். மிஷின்கள் ஓடிக்கொண்டே இருந்தன.

திரும்பி வரும்போது ரயிலில் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இந்த ஊரில் இத்தனை லட்சம் தமிழர்கள். ஒருத்தராவது அவருக்குத் தெரியாமல் ஒரு ஆளைப் பூட்டிய அறையில் கொல்லக் கூடாதா? அந்த ஆத்திரத்திலேயே தோன்றிற்று, நானே கொல்லலாமே என்று.

மறுநாள் மத்தியானம் ஒரு பழைய புத்தகத்துக்கு நியூஸ்பேப்பர் அட்டை போட்டேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "புதுசு. தாராவிலேர்ந்து கிடைச்சுது" என்று பொய் சொல்லித் தொடங்கினேன். யாரைக் கொல்வது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. எங்கள் கட்டிடத்து சொசைட்டி செக்ரெட்டரிதான். இந்தக் கட்டிலை லிஃப்டில் ஏற்றினால் லிஃப்ட் கெட்டுவிடும் என்று வழி மறித்தவர். கதையில் அவரை மாட்டுங்காவுக்குக் குடி மாற்றினேன். இரண்டாவது மாடி, ஒரே அறை, ஒரு சமையலறை. ஜன்னல் எல்லாவற்றுக்கும் கிரில். காலையில் பால்காரன் பெல் அடிக்கிறான், திறக்கவில்லை. கூட்டம் கூடுகிறது. கதவு சாத்தி லாட்ச் விழுந்திருக்கிறது. உடைத்து உள்ளே போனால் நாற்காலியில் செக்ரெட்டரி, முதுகில் கத்தி. ஒரே சாவி மேஜை மேல் இருக்கிறது. பால்காரன், பக்கத்து வீட்டுக்காரர், மருமகன் எல்லாரையும் விசாரித்தேன். இல்லாத பக்கங்களைத் திருப்பித் திருப்பி வாசித்தேன். அவர் கண்ணை மூடவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் கொன்றவன் எப்படி வெளியே போனான் என்று எனக்கே தெரியாது.

புத்தகத்தை மூடினேன். "சொல்லுங்கோ. எப்படி நடந்துது?"

அவர் தலையைத் திருப்பினார். தாடை அசைந்தது. தொண்டையில் ஏதோ உரசிற்று. இடது உதட்டோரம் மெல்ல ஏறிற்று.

"லாட்ச்" என்றார்.

எனக்குப் புரியக் கொஞ்சம் நேரமாயிற்று. புரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். பம்பாயில் எந்த வீட்டுக் கதவில் லாட்ச் இல்லை? வெளியே வந்து கதவை இழுத்தால் போதும், தானே பூட்டிக்கொள்ளும். குப்பை வைக்க வெளியே வந்து, காற்றில் கதவு சாத்திக்கொண்டு, நைட்டியோடு பக்கத்து வீட்டில் போய் உட்காராத பெண் இந்த ஊரில் உண்டா? கொன்றவன் கதவை இழுத்துவிட்டுப் படியிறங்கிப் போயிருக்கிறான். இதில் மர்மமே இல்லை. நானும் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவள், எனக்குக் கதவு என்றாலே லாட்ச்தான், தமிழ்க் கதைக்காரர்கள் போடுகிற தாழ்ப்பாள் ஞாபகமே வரவில்லை. அவர் அதைப் பிடித்துவிட்டார். நான் சிரித்தேன், அழுதேன், அவர் நெற்றியில் முத்தம் கொடுத்தேன். எங்கள் வீட்டில் பகலில் நடக்கிற காரியம் இல்லை அது.

அன்று பெண் ஆபீஸுக்குப் போயிருந்தாள். சாயங்காலம் வந்ததும் வாசலிலேயே சொன்னேன். அவள் பையைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள்.

"அப்பா! பேசினியாமே! என்னப்பா சொன்னே?"

"லாட்ச்."

அவள் கையைத் தட்டினாள். "காப்பி குடிக்கறியாப்பா?"

"லாட்ச்."

"கால் வலிக்கறதா?"

"லாட்ச்."

"நான் யாருப்பா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"லாட்ச்" என்றார் அவர், அதே குரலில்.

அவள் என் பக்கம் திரும்பாமலே, "அம்மா, கதையில நீதானே அந்த வார்த்தையைச் சொன்னே?" என்று கேட்டாள். போய் முகம் கழுவிக்கொண்டு வா என்று அவளை விரட்டினேன்.

அவருக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிற மராத்திப் பெண், இப்படி ஒரே வார்த்தை நாக்கில் ஒட்டிக்கொள்வது உண்டு என்று ஹிந்தியில் நிதானமாகச் சொன்னாள். மற்ற வார்த்தைகள் வரலாம், வராமலும் போகலாம். எனக்கு மற்ற வார்த்தைகள் வேண்டாம். அந்த முதல் தடவையை மட்டும் கேட்டேன். அது அவர் யோசித்துச் சொன்னதா, என் வாயிலிருந்து கேட்டதைத் திருப்பிச் சொன்னதா?

"ஆன்ட்டி, வோ கோயி நஹி பதா சக்தா" என்றாள். யாராலும் சொல்ல முடியாதாம்.

அவள் போன பிறகு நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். முன்பு ஒன்றும் தெரியாமல் இருந்தேன். இப்போது கையில் வந்ததைத் தட்டிப் பறித்த மாதிரி இருந்தது. ஹாலிலிருந்து, யாரும் எதுவும் கேட்காமலே, லாட்ச், லாட்ச் என்று குரல் வந்துகொண்டிருந்தது. செவிட்டுக் காது கிடைக்காதா என்று இருந்தது எனக்கு.

ஆனாலும் விட மனசு வரவில்லை. இந்தத் தடவை ஒழுங்காக யோசித்தேன். சமைக்கும்போதும், துணி மடிக்கும்போதும், தேவ்நாருக்கு மருந்து வாங்கப் போகும்போதும் அதே யோசனை. கிராமத்தில் ஒரு பழைய பங்களா. தேக்குக் கதவு, உள்ளே குறுக்காகப் போடுகிற இரும்புப் பட்டை. லாட்ச் என்கிற வார்த்தையே கதையில் வராது. கதவை உடைத்ததும் முதலில் உள்ளே பாய்கிற தம்பிதான் கொலைகாரன். அண்ணன் அதுவரை மயக்கத்தில்தான் இருந்தான்; "ஐயோ, அண்ணன் செத்துப்போயிட்டான்" என்று கத்திக்கொண்டே தம்பி அப்போதுதான் குத்துகிறான். அவர் அலமாரியில் இதற்கு ஒரு தட்டே உண்டு. அவர் அவராக இருந்தால் பாதிக் கதையிலேயே பிடித்துவிடுவார்.

மத்தியானம் வாசித்தேன். அசையாமல் கேட்டார். புத்தகத்தை மூடினேன்.

"எப்படி நடந்துது?"

உதட்டோரம் ஏறிற்று. பழைய கர்வம் அப்படியே முகத்தில் வந்தது. "லாட்ச்" என்றார்.

"இல்லை. தப்பு" என்றேன்.

கத்தவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னேன். ஆனால் இத்தனை வருஷத்தில் இந்த வார்த்தையை அவரிடம் நான் சொன்னதே இல்லை. சொல்ல ஒரு தடவைகூட அவர் இடம் கொடுத்ததில்லை. ஏறின உதடு அப்படியே நின்று, மெல்ல இறங்கிற்று. என்னைப் பார்த்தார். புத்தகத்தைப் பார்த்தார். "லாட்ச்?" என்றார், சந்தேகமாக. பிறகு இடது கை போர்வையைத் துழாவிற்று. வாய் எதையோ தேடித் திறந்து திறந்து மூடிற்று. நெற்றி நரம்பு புடைத்தது. அவர் சொல்ல நினைத்தது வேறு ஏதோ. வெளியே வந்தது அந்த ஒரே வார்த்தை. திரும்பத் திரும்ப அதுவே வந்தது. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் காதுப்பக்கம் வழிந்தது.

எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. புரியாதவருக்கு இந்த அவமானம் எங்கிருந்து வரும்? முழுசாக உள்ளே இருக்கிறார். எல்லாம் கேட்கிறார், எல்லாம் புரிகிறது, என்னிடம் தோற்றுப்போனதும் புரிகிறது. இத்தனை மாசம் நான் பிரார்த்தனை பண்ணினது இதற்குத்தான். கிடைத்த நிமிஷத்தில், ஐயோ, புரியாமலே இருந்திருக்கக் கூடாதா என்றுதான் தோன்றிற்று.

புத்தகத்தை அவசரமாகத் திறந்தேன். "இருங்கோ, இருங்கோ. ரெண்டு பக்கம் ஒட்டிண்டிருக்கு, நான் பாக்கலை" என்றேன். அச்சில் இருப்பதை வாசிக்கிற மாதிரி விரலை ஓட்டினேன். "இரும்புப் பட்டையைப் பத்தி எல்லாரும் சொன்னது பொய்னு இங்கே போட்டிருக்கு. தம்பிதான் அப்படிச் சொல்லச் சொல்லியிருக்கான். அந்தக் கதவுல இருந்தது லாட்ச். வெளியிலேர்ந்து இழுத்துச் சாத்திண்டு போயிட்டான். நீங்க சொன்னதுதான் சரி."

அவர் கை துழாவுவதை நிறுத்திற்று. கண்ணைத் துடைத்துவிட்டேன், விட்டார். கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போனார்.

அதற்கப்புறம் தினமும் மத்தியானம் ஒருத்தரைக் கொல்கிறேன். ஊர் மாறும், காலம் மாறும், செத்தவர் மாறுவார். போன வாரம் ஒரு ராஜாவை அந்தப்புரத்தில் கொன்றேன், அந்தக் கதவிலும் லாட்ச் வைத்தேன். அவர் ஒவ்வொரு தடவையும் சரியாகச் சொல்லிவிடுகிறார்.